நாள்தோறும் கால் நாழிகை



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்து மணியோசைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், காலையில் முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்னதாகவே என் அறைக்குச் சென்றுவிடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு வேதாகமத்தில் ஒரு சங்கீதத்தைப் படிப்பேன். சிறிது நேரம் ஜெபிப்பேன். மணி அடித்ததும் வெளியே வருவேன். பள்ளி நடந்த நாள்களில் இது ஒரு நாளும் தவறியதில்லை. ஜெப வாழ்வில் நிலைபெற்றுவிட்டோம் என்ற பெருமிதமும் எனக்கு இருந்தது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை மணி அடிக்கவில்லை. ‘சற்று நேரம் கழித்து ஜெபிக்கலாம்’ என்று எண்ணினேன். அன்று மாலை வந்தது; ஜெபம் வரவில்லை. நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. ஆறு மாதங்களுக்குள் அப்பழக்கம் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. அத்தனை ஆண்டுகளாக ஜெபித்தது நானா, அல்லது அந்த மணியா என்று நானே ஐயுற்றேன்.

அதன் பின்னர் என் மனைவி கடுமையாக நோயுற்றாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஓர் இரவு முழுவதும் அமர்ந்திருந்தேன். ஜெபிக்க முயன்றேன், சொற்கள் வரவில்லை. எத்தனையோ மேடைகளில் தடையின்றிப் பேசியவனுக்கு அன்று ஒரு வாக்கியமும் அமையவில்லை. அப்பொழுது நெஞ்சில் தானாக எழுந்தது இருபத்து மூன்றாம் சங்கீதம். நான் சிறுவனாக இருந்தபோது, மாலையில் விளக்கேற்றியதும் என் தாயார் என்னைப் பக்கத்தில் அமர்த்தி, நாள்தோறும் சொல்லச் செய்த சங்கீதம் அது. விடியும் வரையில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சொற்களைத் தவிரப் பற்றிக்கொள்ள வேறொன்றும் அன்று எனக்கில்லை.

சில வாரங்களில் என் மனைவி நலம் பெற்று வீடு திரும்பினாள். ஆனால் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. நானே முயன்று, பெருமையோடு காத்து வந்த பழக்கம் ஆறு மாதத்தில் உதிர்ந்தது. பொருள் தெரியாத பருவத்தில் தாயார் ஊட்டிய பழக்கம் அறுபது வயதிலும் துணைநின்றது. இவ்வேறுபாடு எதனால்? நாள்தோறும் செய்யும் ஆன்மிகப் பழக்கம் எவ்வாறு வேர்கொள்கிறது, எவ்வாறு பட்டுப்போகிறது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். நான் கிறிஸ்தவ நெறியில் வளர்ந்தவன்; ஆதலின் அந்நெறியிலிருந்தே சான்றுகள் தருகிறேன். பிற சமயங்களைச் சார்ந்த நண்பர்கள் தத்தம் நெறியில் இவற்றிற்கு ஒப்பானவற்றை எளிதில் கண்டுகொள்வர்.

தொடக்கத்திலேயே உங்களுள் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். ‘உள்ளம் உருகும்போது ஜெபித்தால் அது உண்மை, மணி பார்த்து ஜெபித்தால் அது வெறும் சடங்கு அன்றோ?’ என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் நள்ளிரவில் குழந்தை அழும்போது எழுகின்ற தாயை நினைத்துப் பாருங்கள். ‘இப்பொழுது என் நெஞ்சில் அன்பு பொங்குகிறதா?’ என்று சோதித்துப் பார்த்த பிறகா அவள் எழுகிறாள்? தூக்கக் கலக்கத்தோடுதான் எழுகிறாள். அவ்வாறு எழுவதே அன்பு. உணர்ச்சி வந்து போவது. உறவு நிலைத்து நிற்பது. நிலைத்து நிற்பதற்கு ஒரு வடிவம் வேண்டும். அவ்வடிவத்தையே பழக்கம் என்கிறோம்.

இயேசு பெருமானின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் ஓய்வுநாளில் ஜெபஆலயத்திற்குச் சென்றது அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். கப்பர்நகூமில் மாலை முழுவதும் நோயாளிகள் சூழ்ந்திருந்த நாளுக்கு மறுநாள், இருள் பிரியுமுன்பே எழுந்து, தனியிடம் சென்று அவர் ஜெபித்ததை மாற்கு குறிக்கிறார். சிலுவைச் சாவுக்கு முந்திய இரவில் ஒலிவமலைக்குச் சென்றதும் வழக்கத்தின்படியே என்று மீண்டும் லூக்கா சொல்கிறார். இங்கே யோவான் தரும் ஒரு குறிப்பைக் கருதுங்கள். இயேசு தம் சீடரோடு பலமுறை அங்குக் கூடியதால், காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் அவ்விடம் தெரிந்திருந்தது. பகைவரும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு அவருடைய ஜெபத்திற்கு இடம் உறுதியாக இருந்தது. சாதாரண இரவுகளில் நடந்து நடந்து தேய்ந்த பாதையில்தான், எல்லாவற்றினும் கொடிய அந்த இரவிலும் அவர் நடந்தார். சிலுவையில் தொங்கும்போது அவர் கூறிய சொற்களுள் இரண்டு சங்கீதங்களினின்று வந்தவை. முன்பே நெஞ்சில் பதிந்திருந்த சொற்கள் வேதனையின் நேரத்தில் நாவுக்கு வந்தன.

அவருக்கு முன்னிருந்தோரும் பின்வந்தோரும் இவ்வழியே நடந்தனர். பாபிலோனில் வாழ்ந்த தானியேல், எருசலேமை நோக்கிய பலகணியைத் திறந்து வைத்து, நாளொன்றுக்கு மூன்று முறை ஜெபித்து வந்தார். ஜெபத்தைத் தடை செய்து அரச கட்டளை பிறந்தபோதும் முன்போலவே செய்தார். அதுவரை இல்லாத துணிவை அன்று அவர் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. பேதுருவும் யோவானும் ஜெப வேளையில் ஆலயத்திற்குச் சென்றதை அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். ‘திதாகே’ எனப்படும் மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுக்க நூல், இயேசு கற்பித்த ஜெபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லுமாறு விதிக்கிறது. பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அந்நூலின் ஏட்டுப் பிரதியைக் கான்ஸ்டாண்டிநோபிளில் 1873இல் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்டனர்.

ஒரு நாள் முழுவதையும் ஒழுங்கு செய்து காட்டியவர் இத்தாலி நாட்டு பெனடிக்ட் அடிகள். தமிழ்க் கத்தோலிக்கர் இவரை ஆசீர்வாதப்பர் என்று வழங்குவர். ஏறத்தாழ 480இல் பிறந்த இவர், ரோமாபுரியில் கல்வி கற்கச் சென்று, அங்கிருந்த ஒழுக்கக் கேட்டைக் கண்டு வெறுத்து, சுபியாக்கோ என்னுமிடத்தில் ஒரு குகையில் தனித்து வாழ்ந்தார். பின்னர், ஏறத்தாழ 529இல், காசினோ மலைமீது ஒரு மடத்தை நிறுவினார். அங்குள்ளோருக்காக அவர் எழுதிய ஒழுங்கு நூல் 73 அதிகாரங்கள் கொண்டது. பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் பொது ஜெபம். 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்திற்குள் பாடி முடித்தல். இடையிடையே உடலுழைப்பும் படிப்பும். இவ்வாறு நாள் பகுக்கப்பட்டது. ஜெபத்திற்கு அழைப்பு ஒலித்ததும் கையில் இருப்பதை அப்படியே விட்டு வர வேண்டும் என்பது விதி.

இவ்வளவு கடுமையா என்று நீங்கள் மலைக்கலாம். ஆசிரியனாகிய என்னைக் கவர்ந்தது அந்நூலின் கடுமையன்று, அதன் கனிவு. ஜெபத்திற்குப் பிந்தி வருவோரைப் பற்றி அதில் ஓர் அதிகாரம் உண்டு. இரவு ஜெபத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சங்கீதத்தை வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகப் பாடச் சொல்கிறார் பெனடிக்ட். எதற்காக? தூக்கத்தால் பிந்தியவர்களும் அது முடிவதற்குள் வந்து சேர்ந்துகொள்வதற்காக! தூங்குமூஞ்சிகள் சாக்குச் சொல்லக்கூடும் என்பதால், எழுந்திருக்கும்போது ஒருவரையொருவர் மென்மையாக ஊக்கப்படுத்துக என்று இன்னோர் இடத்தில் கூறுகிறார். மனிதனின் சோம்பலை அவர் அறிந்திருந்தார். அதற்கு இடம்விட்டே ஒழுங்கை அமைத்தார். உடையாத ஒழுங்கு வேண்டுமானால் சிறிது வளையும் ஒழுங்காக அது இருத்தல் வேண்டும்.

அம்மடத்தின் வரலாறும் நமக்கு ஒரு பாடம். லம்பார்டியர் அதனை ஆறாம் நூற்றாண்டில் பாழாக்கினர். 883இல் சாரசேனியர் எரித்தனர். 1349இல் நிலநடுக்கம் இடித்தது. இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், குண்டு வீச்சால் இடிபாட்டுக் குவியலாயிற்று. ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுந்தது. வெட்டுண்ட பிறகும் துளிர்க்கும் என்னும் பொருள்பட்டதே அம்மடத்தின் குறிக்கோள் மொழி.

‘நாங்கள் மடத்தில் வாழ்வோர் அல்லரே! பாடமும் தேர்வும் வீட்டு வேலையும் எங்களை நெருக்குகின்றனவே!’ என்பீர்கள். உங்களுக்காகவே ஒரு சமையற்காரரை அறிமுகப்படுத்துகிறேன். பிரெஞ்சு நாட்டின் லொரேன் பகுதியில் பிறந்த நிக்கோலா எர்மான் என்பவர் படைவீரராக இருந்து, காலில் காயமுற்றவர். இளமையில் ஒரு குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரத்தைக் கண்டு, இது மீண்டும் தளிர்த்துப் பூக்கும் அன்றோ என்று எண்ணியபோது இறைவனின் வல்லமை அவர் உள்ளத்தைத் தொட்டது. 1640இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் ஊழியச் சகோதரராகச் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்று பெயர் பெற்றார். அவருக்குக் கிடைத்த பணி அடுக்களைப் பணி. அவ்வேலையில் அவருக்கு இயல்பாகவே விருப்பமில்லை. ஆயினும் ஒவ்வொரு வேலையையும் இறைவனுக்காகச் செய்வதாக எண்ணித் தொடங்குவார். செய்யும்போது இறைவனோடு உரையாடுவார். முடிந்ததும் எவ்வாறு செய்தோம் என்று நினைத்துப் பார்ப்பார். பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் கோயிலில் மண்டியிட்டிருக்கும்போது உள்ள அமைதி அவருக்கு வாய்த்தது.

அது ஒரு நாளில் வாய்த்ததன்று. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்புற்றதாக அவரே எழுதியிருக்கிறார். ஜெபத்தில் மனம் அலைந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, அதற்காகத் தன்னைத்தானே கடிந்துகொண்டு மேலும் கலங்க வேண்டா, அமைதியாக மனத்தை மீட்டுக் கொண்டு வருக என்று அறிவுரை கூறினார். 1691இல் அவர் இறந்த பின்னர் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பெற்று, பல மொழிகளில் வழங்கி வருகின்றன.

காலையில் ஜெபம், பகலில் வேலை, இரவில் என்ன? ஸ்பெயின் நாட்டு இஞ்ஞாசியார் இதற்கு விடை தருகிறார். சேசு சபையைத் தோற்றுவித்த இவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்குத் திருத்தந்தை 1548இல் ஒப்புதல் அளித்தார். அதில் உள்ள ஆன்ம சோதனை முறை ஐந்து படிகள் கொண்டது. பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுதல். தன் குற்றங்களைக் காணும் தெளிவை வேண்டுதல். எழுந்தது முதல் அந்நேரம் வரையில் நடந்தவற்றை மணிவாரியாக நினைத்துப் பார்த்தல். பிழைகளுக்கு மன்னிப்பு வேண்டுதல். திருந்த உறுதி கொள்ளுதல். குற்றத்தைத் தேடுவதற்கு முன் நன்றி வருவதைக் கவனியுங்கள். நன்றியோடு திரும்பிப் பார்ப்பவனே துணிந்து தன் பிழையையும் பார்க்க முடியும்.

ஆசிரியப் பயிற்சியில் பழக்கத்தைப் பற்றிய உளநூற் பாடம் ஒன்று உண்டு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், புதிய பழக்கம் வேரூன்றும் வரையில் ஒரு முறையும் விலக்கு அளித்தல் ஆகாது என்று எச்சரித்தார். அதை நானும் பல வகுப்புகளில் வற்புறுத்தியிருக்கிறேன். பின்வந்த ஆராய்ச்சி இதனைச் சற்றுத் திருத்துகிறது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. நாள்தோறும் தவறாமல் நிகழும் ஒன்றோடு, உதாரணமாகப் பகலுணவோடு, ஒரு சிறு செயலை இணைத்துச் செய்து வருமாறு அவர்களைப் பணித்தனர். அச்செயல் தன்னியல்பாக மாறுவதற்குச் சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் வரையில் ஆகும் என்றும், நடுத்தர அளவு 66 நாள் என்றும் கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை என்றும் கண்டனர். பிந்தியவர்களுக்காகச் சங்கீதத்தை மெல்லப் பாடச் சொன்ன பெனடிக்ட் அடிகள் இதைக் கேட்டால் வியப்படைந்திருக்க மாட்டார்.

இப்பொழுது என் கேள்விக்கு விடை தெளிவாகிறது. என் தாயார் கற்பித்த பழக்கம் சிறியது. ஒரே ஒரு சங்கீதம். அது வீட்டில் நாள்தோறும் நிகழும் விளக்கேற்றுதலோடு பிணைந்திருந்தது. அதில் துணை இருந்தது. சொற்கள் மனப்பாடமாயின. நான் வளர்த்த பழக்கமோ என் பதவியோடு பிணைந்திருந்தது. துணையின்றி மூடிய அறைக்குள் இருந்தது. தவறாமையைப் பற்றிய பெருமையைத் தின்று வளர்ந்தது. பதவி போயிற்று, அதுவும் போயிற்று. ஒரு நாள் தவறியதும், கறைபடாத கணக்கில் கறை படிந்ததென்று மனம் சோர்ந்தேனேயன்றி, மறுநாள் மீண்டும் தொடங்கவில்லை. முதல் நாளின் தவறு சிறியது. இரண்டாம் நாள் திரும்பாததே பெருந்தவறு.

ஆகவே, தொடங்க விரும்பும் உங்களுக்குச் சில சொல்வேன். முதலாவது, சிறிதாகத் தொடங்குங்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அதில் காற்பங்கு ஆறு நிமிடம். நாள்தோறும் கால் நாழிகை போதும். விடுமுறை முகாமிலிருந்து திரும்பிய உற்சாகத்தில் ஒரு மணி நேரம் என்று முடிவு செய்து, மூன்றாம் வாரத்தில் கைவிட்ட மாணவர் பலரை நான் அறிவேன்.

இரண்டாவது, முன்பே உள்ள ஒரு செயலோடு அதனை இணையுங்கள். பல் துலக்கியவுடன், பேருந்தில் அமர்ந்தவுடன், புத்தகத்தைத் திறக்குமுன் என்று எதுவாயினும் ஆகுக. பழக்கம் எனக்கு வராது என்று எவரும் சொல்ல வேண்டா. கண் விழித்ததும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது என்று என் பேரன் ஒப்புக்கொண்டான். அதுவும் ஒரு காலை வழிபாடுதான்! அந்தக் கை எட்டும் இடத்தில் வேதாகமத்தை வைத்துவிட்டு, கைப்பேசியை அடுத்த அறையில் வைக்குமாறு சொன்னேன்.

மூன்றாவது, சிறு பகுதியைப் படித்து, வாரத்திற்கு ஒரு வசனத்தையாவது மனப்பாடம் செய்யுங்கள். மனப்பாடம் என்றால் இக்காலத்தில் இகழ்ச்சி. ஆனால் குதிரில் நெல் இருந்தால்தான் பஞ்சத்தில் உலை வைக்கலாம். நான்காவது, இரவில் ஐந்து நிமிடம் நன்றியோடு நாளைத் திரும்பிப் பாருங்கள். ஐந்தாவது, ஒருவரையாவது துணையாகக் கொள்ளுங்கள். தாயோ, தம்பியோ, விடுதி அறை நண்பரோ ஆகலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 1729 முதல் ஆக்ஸ்போர்டில் ஜான் வெஸ்லியும் சில மாணவரும் கூடி, கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் படித்தனர். வாரத்தில் இரு நாள் உபவாசம் இருந்தனர். சிறைக் கைதிகளைச் சென்று கண்டனர். உடன் பயின்றோர் அவர்களை ‘மெத்தடிஸ்டுகள்’, அதாவது முறைமைக்காரர், என்று கேலி செய்தனர். அக்கேலிப் பெயரே பின்னர் ஒரு பெரிய திருச்சபையின் பெயராயிற்று. ஆயினும் அத்தனை முறைமையும் வெஸ்லியின் உள்ளத்திற்கு அமைதி தரவில்லை. 1738 மே 24ஆம் நாள் மாலையில், லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் அமர்ந்திருந்தபோதுதான் தேடிய உறுதி அவருக்குக் கிட்டியது. அது தம் முயற்சியின் கூலி அன்று, அருளின் கொடை என்று உணர்ந்தார். உணர்ந்த பிறகு பழக்கங்களைக் கைவிட்டாரா? இல்லை, 1791இல் முதுமையில் இறக்கும் வரையில் காத்து வந்தார். வரப்பு உயர்த்துவது உழவன் செயல். மழை பெய்வது அவன் செயலன்று. ஆனால் வரப்பில்லாத வயலில் மழை பெய்தாலும் நீர் தங்குவதில்லை.

வாரத்தில் இருமுறை உபவாசித்ததை இறைவனிடமே பெருமையாகச் சொன்ன பரிசேயனின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவனிடம் பழக்கத்திற்குக் குறைவில்லை, அன்பே இல்லை. நம் பழக்கம் நலமானதா என்று அறிய நம்மைக் கேட்பதைவிட, நம்மோடு வாழ்வோரைக் கேட்பதே மேல். காலையில் ஜெபித்துவிட்டு வந்த நான், பள்ளிக்குப் பிந்தி வந்த ஏழைச் சிறுவனைக் காரணம் கேளாமல் வெயிலில் நிறுத்தியதுண்டு. அவன் வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்ததென்று இன்றளவும் எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஜெபம், கதவைத் திறந்த பிறகு என்னோடு வெளியே வந்திருக்க வேண்டும். அன்று அது வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் நானும் என் மனைவியும் புதிதாகத் தொடங்கினோம். விடியற்காலையில் பால்காரர் மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு வருவார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் வந்து அமர்வாள். ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம், அதற்குள் பால் பொங்கும். பல நாள் தவறியிருக்கிறோம். தவறிய நாளை இப்பொழுது நான் எண்ணி வைப்பதில்லை. மறுநாள் மணி அடித்ததும் மீண்டும் அமர்கிறோம்.